நான்கு உறுப்புகளுக்கும் தனித்தனியாகப் பொருத்தினால் 48 ஸ்டேட் வருகிறது. அணியாகவே இடைச்செருகல் செய்ய வழி உண்டா?

சீனு_மதுரை

வணக்கம். மைக்ரோவேவ் வடிகட்டிகளில் ஆராய்ச்சி செய்கிறேன். கையில் இருப்பது 6 ரெசனேட்டர் கொண்ட ஒரு பேண்ட்பாஸ் வடிகட்டி, மைய அதிர்வெண் 3.5 கிகாஹெர்ட்ஸ். நெட்வொர்க் அனலைசரில் 3.2 முதல் 3.8 வரை 201 புள்ளிகளில் அளந்திருக்கிறேன். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு 2×2 அணி: எஸ்11, எஸ்12, எஸ்21, எஸ்22 (ஒரு வாயிலில் அனுப்பிய அலை எந்த வாயிலில் எவ்வளவு வெளிவருகிறது என்ற எண்கள்). இதற்கு ஒரு விகிதமுறு மாதிரி (பல்லுறுப்புக்கோவையைப் பல்லுறுப்புக்கோவையால் வகுத்த வடிவம்) கட்டி, ஸ்பைஸ் என்ற சுற்று உருவகப்படுத்தும் மென்பொருளில் போட்டு டைம் டொமைனில் ஓட்ட வேண்டும்.

நான்கு உறுப்புகளுக்கும் தனித்தனியாக வெக்டர் ஃபிட்டிங் (ஊகித்த துருவங்களில் தொடங்கி, திரும்பத் திரும்பத் திருத்திப் பொருத்தும் முறை) செய்தேன். ஒவ்வொன்றும் 12 துருவத்தில் (பகுதி பூச்சியமாகும் இடங்கள்) நன்றாகவே பொருந்துகிறது. நான்கையும் சேர்த்தால் 48 ஸ்டேட், அதாவது மாதிரிக்குள் 48 உள்மாறிகள். ஆனால் 6 ரெசனேட்டர் என்றால் 6 ஜோடித் துருவம், ஆக 12தானே வர வேண்டும்? அதைவிட உறுத்துவது, நான்கிலும் துருவங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் நான்காவது இலக்கத்தில் விலகுகின்றன. ஒரே பெட்டிக்கு நான்கு விதமான அதிர்வு எப்படி இருக்க முடியும்?

இன்னொரு கேள்வியும் இதோடு சேர்ந்தது. அணியாகவே இடைச்செருகல் (கொடுத்த புள்ளிகளில் சரியாகப் பொருந்தும் சார்பைக் காண்பது) செய்வது பற்றித் தேடியபோது அன்ட்சாக்ளிஸ், காவ் இருவரும் 1993இல் எழுதிய கட்டுரை கிடைத்தது. ஒரு புள்ளியில் முழு அணியும் தெரிய வேண்டியதில்லை, ஒரு திசை வெக்டரால் பெருக்கினால் என்ன வருகிறது என்று தெரிந்தால் போதும் என்கிறார்கள். நிரல்களின் படிகளைக் கூட்டி, அதோடு நிரல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் எத்தனை தரவு வேண்டும் என்று வந்துவிடும். சின்னதாக ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு நிரை, இரண்டு நிரல், ஒவ்வொன்றும் முதற்படி. 1+1+2 = 4 தரவு. புள்ளிகள் 0, 1, 2, 3. திசைகள் (1,0), (1,1), (1,2), (1,3). மேட்லாப் அணிக்கோவை பூச்சியம் என்கிறது. புள்ளிகள் எல்லாம் வேறு வேறு, திசைகளும் வேறு வேறு. எங்கே சிக்குகிறது?

கணக்கன்முத்து

முதல் கேள்விக்கு மட்டும். நான்கு உறுப்புகளையும் ஒரே அடுக்காக வைத்து வெக்டர் ஃபிட்டிங் செய்யுங்கள், துருவங்கள் பொதுவாக இருக்கட்டும். 1999இல் குஸ்தாவ்சென், செம்ல்யென் கொடுத்த முறையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. துருவங்கள் விலகும் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். ஸ்டேட் 24 ஆகும். ஸ்பைஸுக்கு 24 ஒன்றும் பெரிய பாரமில்லை.

அலைவழி

முத்து சொன்ன பொதுத் துருவம் சரியான முதல் அடி. ஆனால் சீனு, 24இல் நின்றுவிடாதீர்கள். 48இலிருந்து 24க்கு வந்த பிறகும் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில்தான் இந்த விஷயத்தின் உயிரே இருக்கிறது. வடிகட்டிகளை ட்யூன் செய்வது என் அன்றாட வேலை. ஒரு மாதிரியில் இல்லாத துருவம் ஒன்று புகுந்துவிட்டால் எந்த ஸ்க்ரூவைத் திருப்புவது என்றே சொல்ல முடியாது. அதனால் எனக்கு 12 என்றால் 12தான் வேண்டும்.

கையால் போடக்கூடிய அளவுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். அணிக்குள் அரைப்புள்ளி வந்தால் அடுத்த நிரை என்று பொருள். மாறியை ச என்று எழுதுகிறேன்.

ஹ(ச) = [1 1; 1 1]/(ச+1) + [1 −1; −1 1]/(ச+2)

விரித்தால் மூலைவிட்டத்தில் (2ச+3)/((ச+1)(ச+2)), மற்ற இரண்டு இடத்திலும் 1/((ச+1)(ச+2)). நான்குமே இரண்டாம் படி. உறுப்பு உறுப்பாகப் பொருத்தினால் 8 ஸ்டேட். பொதுத் துருவம் வைத்து நிரல் நிரலாகக் கட்டினால் 4. உண்மையில் வேண்டியது 2. உங்கள் 48, 24, 12 இதே கணக்குதான்.

எங்கே மிச்சமாகிறது என்றால், மேலே இருக்கும் இரண்டு ரெசிட்யூ அணிகளை, அதாவது ஒவ்வொரு துருவத்துக்கும் மேலே நிற்கும் அணிகளைப் பாருங்கள். [1 1; 1 1] என்பது (1,1) என்ற நிரலை (1,1) என்ற நிரையால் பெருக்கியது. தரம் (ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை) 1. மற்றதும் அப்படியே, (1,−1)ஐ வைத்து. ஒவ்வொரு துருவமும் உள்ளே ஒரே திசையில்தான் கிளறப்படுகிறது, வெளியே ஒரே திசையில்தான் தெரிகிறது. துருவங்கள் தனித்தனியாக, மடங்கு இல்லாமல் இருக்கும்போது ரெசிட்யூ அணிகளின் தரங்களைக் கூட்டினால் மெக்மில்லன் படி கிடைக்கும்: 1+1 = 2. அதற்குக் கீழே எந்த ஸ்டேட் மாதிரியும் இறங்க முடியாது. உங்கள் பெட்டியிலும் ஒரு அதிர்வு முறைக்கு ஒரு மின்புல வடிவம்தான். அது முதல் வாயிலோடு எவ்வளவு, இரண்டாம் வாயிலோடு எவ்வளவு இணைகிறது என்ற இரண்டு எண்கள்தான் அதன் ரெசிட்யூவை முழுக்கத் தீர்மானிக்கின்றன. எஸ்11ஐத் தனியாகவும் எஸ்21ஐத் தனியாகவும் பொருத்தும்போது இந்த உறவை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள். அப்புறம் இரைச்சல் நான்கையும் நான்கு பக்கம் இழுக்கிறது, நான்காவது இலக்கத்தில் விலகல் வருகிறது.

சரி, உறவை அறுக்காமல் எப்படிச் செய்வது? உறுப்பைத் தரவாக எடுக்காமல் திசையைத் தரவாக எடுக்க வேண்டும். அதே ஹ(ச)வின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு நான்கே அளவுகள் எடுக்கிறேன்.

வலப்பக்கம் இரண்டு. ச=0இல் முதல் நிரல் (3/2, 1/2). ச=1இல் இரண்டாம் நிரல் (1/6, 5/6).
இடப்பக்கம் இரண்டு. ச=2இல் முதல் நிரை (7/12, 1/12). ச=3இல் இரண்டாம் நிரை (1/20, 9/20).

ஒவ்வொரு இடப்பக்க அளவையும் ஒவ்வொரு வலப்பக்க அளவோடு சேர்த்து ஒரு எண் செய்கிறோம். இட நிரையை வலப்பக்கத் திசையால் பெருக்குங்கள். இடப்பக்கத் திசையால் வல நிரலைப் பெருக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புள்ளிகளின் வித்தியாசத்தால் வகுங்கள். முதல் எண்: (7/12 − 3/2)/(2 − 0) = −11/24. இப்படி வரும் நான்கு எண்கள்தான் லோவ்னர் அணி, ல என்போம். இதையே, கழிப்பதற்கு முன்பு இரண்டு உறுப்பையும் அதனதன் புள்ளியால் பெருக்கிவிட்டுச் செய்தால் பெயர்த்த லோவ்னர் அணி, ப என்போம். பின்னம் இல்லாமல் பார்க்க இரண்டையும் 120ஆல் பெருக்கிவிடுகிறேன்:

120ல = [−55 −10; −18 −23]
120ப = [70 0; 6 31]

இப்போது ப − ச·ல என்பதன் அணிக்கோவை எந்த ச மதிப்பில் பூச்சியமாகிறது என்று பாருங்கள். ச = −1 போட்டால் ப + ல, அதாவது [15 −10; −12 8]. 15×8 = 120, 10×12 = 120. பூச்சியம். ச = −2 போட்டால் ப + 2ல, அதாவது [−40 −20; −30 −15]. 600 − 600. பூச்சியம். துருவங்கள் −1, −2 தாமாகவே வந்துவிட்டன. தொடக்கத் துருவம் ஊகிக்கவில்லை, திரும்பத் திரும்பச் சுற்றவில்லை, சமன்பாட்டுத் தொகுப்பு எதையும் தீர்க்கவும் இல்லை. கழித்தோம், வகுத்தோம், அவ்வளவுதான். முழு மாதிரியும் அதே எண்களில் இருக்கிறது:

ஹ(ச) = வ·(ப − ச·ல)⁻¹·ட

வ என்பது வலப்பக்கம் அளந்த நிரல்களை அடுக்கியது, ட என்பது இடப்பக்கம் அளந்த நிரைகளை அடுக்கியது. ஸ்டேட் இரண்டே. ச=0 போட்டு நீங்களே சரிபாருங்கள்: டவின் முதல் நிரலும் பவின் முதல் நிரலும் ஒன்றே, (7/12, 1/20). ஆகவே தலைகீழ் போட்டதும் (1,0) மிஞ்சுகிறது, வவின் முதல் நிரல் வெளியே வருகிறது. அளந்ததும் அதுதான். இதை முதல் முறை கையால் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

லோவ்னர் 1934இல் இந்த அணியை எழுதியது வேறு காரியத்துக்கு, அணிகளின் மேல் ஏறுமுகமாக இருக்கும் சார்புகளை ஆராய. அந்தூலாஸ், ஆண்டர்சன் 1986இல் அதை விகிதமுறு இடைச்செருகலுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே நான் போட்ட திசை வைத்த வடிவம் மேயோ, அந்தூலாஸ் 2007.

உங்கள் 201 புள்ளிக்கு வருவோம். இங்கே நிறையப் பேர் தடுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன.

புள்ளிகளை வலம், இடம் என்று மாற்றி மாற்றிப் பிரியுங்கள். கீழ்ப்பாதி வலம், மேல்பாதி இடம் என்று வெட்டினால் லோவ்னர் அணியின் சிங்குலர் மதிப்புகள் (இவற்றில் பூச்சியமல்லாதவற்றின் எண்ணிக்கைதான் தரம்) மிக வேகமாகத் தேய்ந்து, தரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். திசைகளையும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் மாற்றிப் போடுங்கள். ஒற்றைப்படைப் புள்ளிக்கு முதல் வாயில், இரட்டைப்படைக்கு இரண்டாம் வாயில் என்று வைத்தீர்கள் என்றால், வலப்பக்கம் முழுக்க முதல் நிரலாகவும் இடப்பக்கம் முழுக்க இரண்டாம் நிரையாகவும் போய்விடும். எஸ்12ஐ நேரடியாகப் பார்த்த தரவு ஒன்றுகூட இருக்காது.

அதிர்வெண்ணை 3.5 கிகாஹெர்ட்ஸால் வகுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு தரவோடும் அதன் இணைச் சிக்கலெண் தரவையும் சேருங்கள், இல்லாவிட்டால் ஸ்பைஸுக்கு மெய்யெண் மாதிரி கிடைக்காது.

முக்கியமானது தாமதம். கேபிள் முனை வரை கேலிப்ரேட் செய்திருப்பீர்கள், ஆனால் பலகையில் உள்ள தடமும் கனெக்டரும் மிச்சம் இருக்கும். 0.5 நானோநொடி தாமதம் என்றாலே 600 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 0.3 சுற்று, 108 டிகிரி ஃபேஸ். தாமதம் என்பது அடுக்குக்குறிச் சார்பு, எந்த விகிதமுறு சார்பும் அல்ல. அதைப் பின்பற்ற இடைச்செருகல் கூடுதல் துருவம் கேட்கும். முதலில் அதைக் கழற்றுங்கள்.

கடைசியாக, 12ஐ எதிர்பார்த்து 14ஐப் பார்த்தால் பதறாதீர்கள். லவின் தரம்தான் மெக்மில்லன் படி. ல, ப இரண்டையும் சேர்த்து அடுக்கினால் வரும் தரம், முடிவிலி அதிர்வெண்ணில் உள்ள மாறிலி அணியின் தரத்தையும் சேர்த்துக் காட்டும். வடிகட்டி பேண்டுக்கு வெளியே இரண்டு வாயிலிலும் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறது, அதனால் அந்த மாறிலி அணியின் தரம் 2. ஆக 12 + 2. உபரியாக வரும் இரண்டு துருவங்களும் முடிவிலியில் இருக்க வேண்டியவை. இரைச்சலால் எங்கோ வெகுதூரத்தில் முடிவுள்ள எண்ணாகத் தெரியும். அவற்றைப் பிரித்தெடுத்து மாறிலியில் சேர்த்துவிடலாம்.

ரீட்சாலமன்_ரசிகை

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் பிழைதிருத்தக் குறியீடுகள் பக்கம் இருப்பவள், சீனு தற்செயலாக எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

உங்கள் திசை ஒவ்வொன்றும் (1, புள்ளி) என்ற வடிவத்தில் இருக்கிறது. [ச, −1] என்ற நிரையை எடுத்து அதோடு பெருக்குங்கள்: ச·1 − 1·ச = 0. நான்கு தரவிலும் பூச்சியம். நாற்பது தரவு சேர்த்தாலும் பூச்சியம்தான். அந்த நிரை முதற்படி, நீங்கள் அனுமதித்த படிக்குள் அடங்குகிறது. எனவே விடை ஒன்று இருந்தால் அதோடு இதை எத்தனை மடங்கு கூட்டினாலும் அதுவும் விடை. விடை ஒன்றே ஒன்றாக இல்லாதபோது அணிக்கோவை பூச்சியமாகாமல் என்ன செய்யும்? அன்ட்சாக்ளிஸ், காவ் தேற்றத்திலும் அந்த அணி பூச்சியமற்ற கோவை அணியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புள்ளிகள் வேறுபட்டால் போதும் என்று அது சொல்லவில்லை. மாறாக, புள்ளிகள் 0, 0, 1, 1 என்று எடுத்து, ஒவ்வொன்றிலும் (1,0), (0,1) என இரண்டு திசையும் வையுங்கள். புள்ளி திரும்ப வந்தாலும் அணி கச்சிதமாகத் தலைகீழாகும்.

இதைத் தரவு வரவரக் கண்டுபிடிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. எல்லாத் தரவிலும் பூச்சியமாகும் நிரைகளுக்கு ஓர் அடித்தளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தரவு வரும்போதும் அதைத் திருத்துவது. தொடக்கம் (1,0), (0,1). புதிய தரவில் இரண்டு நிரைக்கும் மதிப்புப் போடுங்கள். பூச்சியம் வராதவற்றில் படி குறைந்ததை எடுத்து, அதை வைத்து மற்றதன் மதிப்பைப் பூச்சியமாக்குங்கள். எடுத்ததை (ச − புள்ளி)யால் பெருக்குங்கள். உங்கள் தரவில் போட்டால்:

தரவு 0, (1,0): மதிப்புகள் 1, 0. முதல் நிரை (ச, 0) ஆகிறது. இரண்டாவது (0,1) அப்படியே.
தரவு 1, (1,1): மதிப்புகள் 1, 1. படி குறைந்தது இரண்டாவது. முதல் நிரையிலிருந்து அதைக் கழித்தால் (ச, −1). இரண்டாவது (0, ச−1).
தரவு 2, (1,2): முதல் நிரையின் மதிப்பு 0. இரண்டாவதுக்கு 2. அது (0, (ச−1)(ச−2)).
தரவு 3, (1,3): மீண்டும் முதலாவது 0. இரண்டாவது (0, (ச−1)(ச−2)(ச−3)).

படிகள் 1, 3. கூட்டினால் 4, தரவுகளின் எண்ணிக்கை. புள்ளிகள் வேறுபட்டவையாக, திசை எதுவும் பூச்சிய வெக்டராக இல்லாதவரை கூட்டல் எப்போதும் தரவுகளின் எண்ணிக்கையாகவே இருக்கும், எப்படிப் பிரிகிறது என்பதுதான் மாறும். பொதுவாக 2, 2 என்று பிரியும், அப்போது முதற்படிக்குள் பூச்சியமாக்கும் நிரை எதுவும் இல்லை, விடை ஒன்றே. உங்களுக்கு 1, 3 என்று பிரிந்ததால் மாட்டிக்கொண்டீர்கள். நான்காவது தரவு வந்தபோதும் முதல் நிரை அசையவில்லை, அங்கேயே இது தெரிந்துவிடுகிறது.

எங்கள் துறையில் இந்தச் சிக்கல்தான் பொக்கிஷம். 1960இல் ரீட், சாலமன் கொடுத்த குறியீட்டில் அனுப்பிய செய்தி ஒரு பல்லுறுப்புக்கோவை, வந்து சேர்வது சில பிழைகளோடு அதன் மதிப்புகள். திசையின் ஓர் இடத்தில் 1, இன்னோர் இடத்தில் வந்த மதிப்பு என்று வைத்து இதே அடித்தளத்தைக் கட்டினால், எதிர்பாராமல் குறைந்த படியில் ஒரு நிரை கிடைக்கும். அதன் ஒரு பாதி பிழைகள் எந்தெந்த இடத்தில் என்று காட்டும் கோவை, மற்றதை அதனால் வகுத்தால் செய்தி. வெல்ச், பெர்லகாம்ப் 1986இல் காப்புரிமை பெற்ற முறையின் சாரம் இது. சென்னையில் பிறந்த மது சூடன் 1997இல் இதை இரு மாறிகளுக்கு விரித்தார். ஐஐடி மெட்ராஸில் படித்த வெங்கடேசன் குருசாமியும் அவரும் சேர்ந்து 1999இல் இன்னும் அதிகப் பிழைகளைத் தாங்கும்படி செய்தார்கள். முடிவுள்ள களத்தில் கணக்கு துல்லியமானது, பூச்சியம் என்றால் பூச்சியம்தான். சீனுவின் அளவுகளில் இரைச்சல் இருப்பதால் இந்தப் படிப்படி முறையை அங்கே அப்படியே வைக்க மாட்டேன். லோவ்னரோடு சிங்குலர் மதிப்புப் பிரிப்புதான் பாதுகாப்பு.

கணக்கன்முத்து

ஒரு சேர்க்கை. விகிதமுறு இடைச்செருகலில் எட்டாத புள்ளி என்று ஒன்று உண்டு, கவனம். (0,1), (1,1), (2,2) மூன்றுக்கும் முதற்படி மேல், முதற்படி கீழ் என்று தேடினால், தொகுதி = மதிப்பு × பகுதி என்ற நேரியல் சமன்பாடுகளுக்கு விடை (ச−2)/(ச−2). சுருக்கினால் 1. மூன்றாவது புள்ளி தவறிவிடுகிறது. பகுதி எந்தத் தரவுப் புள்ளியிலும் பூச்சியமாகவில்லை என்று கடைசியில் சரிபார்ப்பது நல்லது. அலைவழி அக்கா சொன்ன ரெசிட்யூ தரம் விஷயத்தை நானும் போட்டுப் பார்த்தேன், 24இல் நிறுத்தியிருக்கக் கூடாதுதான்.

சீனு_மதுரை

எல்லோருக்கும் நன்றி. அக்கா, முதலில் தாமதத்தைக் கழற்றாமல் லோவ்னர் போட்டேன். சிங்குலர் மதிப்புகள் சரிவாக இறங்கிக்கொண்டே போயின, எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. தடத்தின் தாமதத்தை எடுத்ததும் 14க்குப் பிறகு சட்டென்று விழுந்து சமதளமாகிவிட்டது. இரண்டு துருவம் வெகுதூரத்தில், மீதி 12உம் 3.5ஐச் சுற்றி 6 ஜோடி. நான்கு உறுப்பும் ஒரே நேரத்தில் பொருந்துகின்றன.

ஆனால் ஸ்பைஸில் ஓட்டும்போது வெளியீடு மெல்ல மெல்லப் பெருகி வெடிக்கிறது. துருவங்கள் எல்லாம் இடப்பக்கம்தான், பார்த்துவிட்டேன். வெறும் செம்பும் அலுமினியமும் கொண்ட பெட்டி ஆற்றலை உண்டாக்குமா?

அலைவழி

பெட்டி உண்டாக்காது, மாதிரி உண்டாக்கும். நிலைப்புத்தன்மை வேறு, பாஸிவ் ஆக, அதாவது ஆற்றலை உண்டாக்காமல் இருப்பது வேறு. தனியாக நிலையாக இருக்கும் மாதிரி, வெளியே நீங்கள் இணைக்கும் சுற்றோடு சேர்ந்ததும் வெடிக்கலாம். இடைச்செருகல் கொடுத்த புள்ளிகளில் சரியாகப் போகும், புள்ளிகளுக்கு நடுவிலும் பேண்டுக்கு வெளியிலும் எஸ் அணியின் மிகப்பெரிய சிங்குலர் மதிப்பு 1ஐத் தாண்டாது என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் வடிகட்டி பேண்டுக்கு வெளியே 1ஐ ஒட்டியே இருக்கும், 0.001 மேலே போனாலும் போதும்.

அந்த வாக்கையும் சேர்த்துக் கேட்பதுதான் நெவன்லின்னா, பிக் இருவரின் கணக்கு. பிக் 1916இல், நெவன்லின்னா 1919இல். தரவிலிருந்து லோவ்னரைப் போலவே ஓர் அணி செய்து, அதன் ஐகன் மதிப்பு எதுவும் குறையெண்ணாக இல்லாவிட்டால் 1ஐத் தாண்டாத இடைச்செருகல் உண்டு என்கிறது. ஆனால் அதற்குப் புள்ளிகள் வல அரைத்தளத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். அனலைசர் தருவதெல்லாம் சரியாக எல்லைக்கோட்டின் மேல், அங்கே அந்த அணியின் மூலைவிட்டத்தில் பகுதி பூச்சியமாகிவிடும். அந்தூலாஸும் சோரென்சனும் 2005இல் காட்டிய ஸ்பெக்ட்ரல் பூச்சியங்களில் இடைச்செருகும் வழி பாஸிவ் தன்மையைக் காப்பாற்றும், அதற்கு மாதிரி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

அதனால் உங்கள் நிலைமையில் பின்னால் திருத்துவதுதான் வழி. முதலில் அந்த இரண்டு தூரத் துருவங்களை எடுத்து மாறிலி அணியில் சேருங்கள். மாறிலி அணியின் சிங்குலர் மதிப்புகளே 1ஐத் தாண்டினால் அதை முதலில் 1க்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள், வேறு எதைத் திருத்தியும் பயனில்லை. பிறகு ஸ்டேட் அணிகளிலிருந்து ஹாமில்டோனியன் அணியைக் கட்டி, அதன் ஐகன் மதிப்புகளில் எவை கற்பனை அச்சின் மேல் விழுகின்றன என்று பாருங்கள். சிங்குலர் மதிப்பு 1ஐக் கடக்கும் அதிர்வெண்கள் அவைதான். 201 புள்ளியில் மட்டும் சோதித்தால் நடுவில் நழுவிவிடும், இது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே கணக்கில் பிடிக்கும். 3.2க்குக் கீழேயும் 3.8க்கு மேலேயும் வரும் மதிப்புகளை முக்கியமாகப் பாருங்கள்.

திருத்தும்போது வெளியீட்டு அணியை மட்டும் சிறிது சிறிதாக அசையுங்கள். ரெசிட்யூக்களை உறுப்பு உறுப்பாக அசைக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவை தரத்தை 1இலிருந்து 2க்கு ஏற்றி உங்களைத் திரும்ப 24க்குக் கொண்டுபோய்விடும். வெளியீட்டு அணியை மட்டும் தொட்டால் துருவமும் மாறாது, 12 என்ற எண்ணிக்கையும் மாறாது. எஸ்12உம் எஸ்21உம் சமமாக இருப்பது மட்டும் இதில் கொஞ்சம் குலையும். திருத்தம் எவ்வளவு என்று பார்த்து, பெரிதாக இருந்தால் இங்கே எண்களைப் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.